ஒரே கணக்கு, இரண்டு விடை

இரண்டும் இரண்டும் நான்கு. சென்னையில் கூட்டினாலும் நான்குதான், ஹட் பேயில் கூட்டினாலும் நான்குதான். ஆனால் இருநூறு கோடியையும் இருநூறு கோடியையும் கூட்டச் சொன்னால், ஒரு கம்ப்யூட்டர் நானூறு கோடி என்றும், அடுத்த மேஜைக் கம்ப்யூட்டர் 'மைனஸ்' 29 கோடியே சொச்சம் என்றும் சொன்னால்? கற்பனை அல்ல, அன்பர்களே. 2024 வரை நடந்து வந்த சங்கதி இது.

ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் காலம் கழித்துவிட்டு, ரயிலே இல்லாத அந்தமானில், மகள் வீட்டில் இருப்பவன் நான். பேரன் 'பாண்டாஸ்' என்ற புரோகிராமோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பாண்டாஸ் என்பது அட்டவணைக் கணக்குகளுக்கான தொகுப்பு. வெஸ் மெக்கின்னி என்ற அமெரிக்கர் 2008இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் பணியாற்றியபோது எழுதத் தொடங்கினார். 2009இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். இதற்கு அடித்தளமாக இருப்பது 'நம்-பை' என்ற இன்னொரு தொகுப்பு.

கோளாறு எங்கே வந்தது? அகலப்பாதைக்கு 1,676 மில்லிமீட்டர், மீட்டர் கேஜுக்கு 1,000 மில்லிமீட்டர். கேஜ் எதுவென்று சொல்லாமல் "பாதை போடு" என்று மட்டும் உத்தரவிட்டால், ஒவ்வொரு ஊரும் தன் வழக்கப்படி போட்டுவிடும். அதுபோல, "ஒரு முழு எண் வை" என்று மட்டும் நம்-பையிடம் சொன்னால், லினக்ஸிலும் மேக்கிலும் 64 பிட் இடம் ஒதுக்கியது. விண்டோஸில் 32 பிட்தான். 32 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 214,74,83,647. அதைத் தாண்டினால் மீட்டர் சுற்றிக்கொள்வதுபோல் எண் மைனஸுக்குப் போய்விடும். எச்சரிக்கை மணிகூட அடிக்காது. 2024 ஜூனில் வந்த நம்-பை 2.0தான் 64 பிட் விண்டோஸிலும் இதை 64 ஆக்கியது.

பாண்டாஸில் ஆயிரக்கணக்கான சோதனைகள் உண்டு. யார் திருத்தம் அனுப்பினாலும் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் அவை தாமாக ஓடும். லினக்ஸில் தேறியது விண்டோஸில் தோற்றால் என்ன செய்வது? மூன்று வழிகள். ஒன்று, "விண்டோஸில் இந்தச் சோதனை வேண்டாம்" என்று தாண்டிவிடுவது. இரண்டு, பிட் அளவைப் பார்க்காதே என்று சோதனையைத் தளர்த்துவது. மூன்று, எந்த அளவு சரியென்று முடிவு செய்து அதை வெளிப்படையாக எழுதுவது.

முதல் இரண்டும் சிவப்பு விளக்கின் மேல் துணி போடுகிற வேலை. மூன்றாவதற்குத்தான் யோசனை வேண்டும். எல்லா இயந்திரத்திலும் 64 என்று பாண்டாஸ் வாக்களித்த இடத்தில் 32 வந்தால், புரோகிராமையே திருத்த வேண்டும். பாண்டாஸ் சரியாக 64 தந்து, ஒப்பிட எழுதிய விடை 32 ஆக அமைந்துவிட்டால், சோதனையில் 64 என்று எழுதினால் போதும். வரிசை இடங்களைக் குறிக்கும் எண்களோ இயந்திரத்தின் அளவையே பின்பற்றுபவை. அங்கே 64 என்று எழுதினால் 32 பிட் இயந்திரத்தில் தோற்கும். எது தவறு, புரோகிராமா சோதனையா என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

இதெல்லாம் பொடி விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட், கிளம்பிய சுமார் 40 வினாடியில் சிதறியது. ஏரியன் 4இல் ஒழுங்காக ஓடிய புரோகிராமை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தில், 64 பிட் எண் ஒன்று 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. புதிய ராக்கெட்டின் பாதையை வைத்து அந்தப் பகுதியைச் சோதித்திருக்கவில்லை.

2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் எங்கள் லிட்டில் அந்தமானையும் தொடுகிறது. ஒரே ஒரு லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளைகூட இங்கிருந்து திருத்தம் அனுப்பி, மூன்று விதக் கம்ப்யூட்டரிலும் அது தேறுகிறதா என்று பார்க்க முடிகிறது. சம்பளம் கிடையாது, ஆனால் உலகத்தார் முன்னிலையில் செய்யும் வேலை.

ஆகவே பெற்றோர்களே, "என் கம்ப்யூட்டரில் சரியாகத்தான் வருகிறது" என்று உங்கள் பிள்ளை சொன்னால், "அடுத்தவர் கம்ப்யூட்டரில்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.