இங்கிலாந்தில் கால்பந்து நடுவர்கள் படியேறும் முறை

இங்கிலாந்தில் பிரீமியர் லீக் ஆட்டங்களை நடத்தும் நடுவர்கள் 2001 முதல் முழுநேர ஊதியம் பெறுபவர்கள். அவர்கள் ஒரு கைப்பிடி அளவே. மற்ற ஆயிரக்கணக்கான நடுவர்கள் வாரநாட்களில் ஆசிரியராகவோ காவலராகவோ எழுத்தராகவோ வேலை பார்த்து, சனி ஞாயிறுகளில் விசிலோடு திடலுக்குப் போகிறவர்கள். ஆட்டத்துக்கு ஒரு சிறு தொகையும் பயணச் செலவும் கிடைக்கும். ஆனாலும் இரு சாராரும் ஏறுவது ஒரே ஏணியில்தான். பூங்காத் திடலில் சிறுவர் ஆட்டத்தை நடத்தித் தொடங்கியவரே பின்னாளில் பெரிய அரங்குகளுக்குள் நுழைகிறார்.

இந்த ஏணியை நடத்துவது கால்பந்துச் சங்கம். நெடுங்காலம் வழக்கில் இருந்த முறைப்படி நிலைகளுக்கு எண்கள் உண்டு. எண் குறையக் குறைய மதிப்பு கூடும். பயிற்சியில் இருப்பவர் 9ஆம் நிலை. 16 வயது நிரம்பாத நடுவர் 8. வயதுவந்தோர் ஆட்டத்தை நடத்தத் தகுதி பெற்றவர் 7. அதற்கு மேலே 6உம் 5உம் கவுண்டி அளவிலான நிலைகள். 4ஆம் நிலையிலிருந்து பல கவுண்டிகளை உள்ளடக்கிய வட்டார லீகுகள் தொடங்கும். 3ஆம், 2ஆம் நிலைகள் அரைத்தொழில்முறை ஆட்டங்களுக்கு உரியவை. முதல் நிலையே தேசியப் பட்டியல். எண்களும் பெயர்களும் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. ஏறும் வரிசை பெரிதாக மாறவில்லை.

தொடக்கம்

14 வயதானவர் நடுவர் பயிற்சியில் சேரலாம். வகுப்பில் விதிகளைக் கற்று, பின்னர் சில ஆட்டங்களை நடத்திக் காட்டினால் அந்தந்தக் கவுண்டிச் சங்கம் அவரைப் பதிவு செய்யும். 16 வயதுக்குட்பட்டவருக்குத் தம்மைவிட இளையோரின் ஆட்டங்களே தரப்படும்.

ஏணியில் மிகக் கடினமான படி இதுதான் என்று சொல்லலாம். பெரிய அரங்கில் நடுவருக்கு இரண்டு உதவி நடுவர்கள், நான்காம் நடுவர், காணொளி உதவி எல்லாம் உண்டு. ஞாயிறு காலைப் பூங்கா ஆட்டத்தில் அவர் தனி ஆள். கோட்டோரம் கொடி பிடிப்பவர் பெரும்பாலும் ஆடும் அணிகளில் ஒன்றின் மாற்று வீரர். அவர் காட்டும் ஆஃப்சைடை எந்த அளவுக்கு நம்புவது என்பதையும் நடுவரே முடிவு செய்ய வேண்டும். கயிற்றுக்கு அப்பால் நிற்கும் பெற்றோரும் பயிற்சியாளரும் பதினைந்து வயது நடுவரைப் பார்த்துக் கத்துவது அங்கே அன்றாடக் காட்சி. விதி தெரியாமல் விலகுபவர்களைவிட வசை தாங்காமல் விலகுபவர்கள் அதிகம் என்பது நடுவர்களிடையே பரவலாகச் சொல்லப்படுவது. அப்படி விலகும் சிறுவரோடு, மேலே போயிருக்கக்கூடிய ஒரு நடுவரும் போய்விடுகிறார்.

சங்கம் இதைச் சரிசெய்ய முயன்றுவருகிறது. 2019–20 பருவம் முதல், நடுவரை எதிர்த்துப் பேசும் வீரரை 10 நிமிடம் வெளியே உட்கார வைக்கும் விதி அடிமட்ட ஆட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. 2023இல் மிடில்ஸ்பரோ பகுதியில் தொடங்கி, நடுவர்கள் மார்பில் கேமரா அணியும் சோதனை நடந்தது. சில கவுண்டிகளில் 18 வயதுக்குட்பட்ட நடுவர்கள் ஊதா நிறக் கைப்பட்டை அணிகிறார்கள். முடிவு சொல்வது ஒரு சிறுவர் என்பதைக் கத்துபவருக்கு நினைவூட்டும் அடையாளம் அது.

உயர்வு தீர்மானிக்கப்படும் விதம்

7இலிருந்து 6க்கு உயர விரும்புபவர் தாமே விண்ணப்பிக்க வேண்டும். பழைய வரையறையில் மார்ச் முதல் நாள் தொடங்கும் ஓராண்டுக்குள் வயதுவந்தோர் ஆட்டங்கள் 20ஐ நடுவராக நடத்தியிருக்க வேண்டும். விதிகள் பற்றிய எழுத்துத் தேர்வும் பயிற்சிக் கூட்டமும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது மூன்று ஆட்டங்களில் வந்து பார்க்கும் மதிப்பீட்டாளரின் அறிக்கை. இவர் அனுபவமுள்ள முன்னாள் நடுவராக இருப்பார். தவறுகளை எண்ணுவது மட்டும் அவர் வேலையன்று. பந்து போகும் இடத்துக்கு நடுவர் ஓடிச் சேர்கிறாரா, முதல் முரட்டுத் தாக்குதலை எப்படிக் கையாள்கிறார், கோபத்திலிருக்கும் வீரரிடம் என்ன பேசுகிறார் என்பதையெல்லாம் குறித்துக்கொள்வார்.

மேல்நிலைகளில் இன்னொரு மதிப்பெண்ணும் சேரும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் நடுவருக்கு 100க்கு மதிப்பெண் போட்டு லீகுக்கு அனுப்பும். தோற்ற அணி தாராளமாகப் போடும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் 60 அல்லது அதற்குக் கீழே போட்டால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். மதிப்பீட்டாளரின் மதிப்பெண்ணையும் அணிகளின் மதிப்பெண்ணையும் கொண்டு தரவரிசை தயாராகும். முன்வரிசையில் இருப்பவர் ஏறுவார். கடைசியில் இருப்பவர் இறக்கப்படவும் கூடும். ஆண்டுதோறும் உடல்தகுதிச் சோதனையும் உண்டு. நாற்பதை நெருங்கும், பகலெல்லாம் நாற்காலியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அது எளிதன்று.

4ஆம் நிலையிலிருந்து ஒரு சுவையான ஏற்பாடு வருகிறது. நடுவர் தமது நிலை ஆட்டங்களில் விசில் ஊதுவார். அதற்கு அடுத்த மேல்நிலை ஆட்டங்களில் கொடி பிடிப்பார். இப்படி, ஏறப்போகும் படியின் வேகத்தையும் நெருக்கடியையும் கோட்டோரத்தில் நின்றே பழகிக்கொள்கிறார். 2010இல் கவென்ட்ரி, நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் அணிகள் மோதியபோது நடுவர் காயமடைந்து விலகினார். உதவி நடுவராயிருந்த எமி ஃபெர்ன் கடைசி 20 நிமிடங்களை நடத்தினார். ஃபுட்பால் லீக் ஆட்டமொன்றில் நடுவராகச் செயல்பட்ட முதல் பெண் அவரே.

எவ்வளவு காலம் ஆகும்?

ஒரு பருவத்துக்கு ஒரு படி என்பதே பொதுவான கணக்கு. அதுவும் தடையின்றி ஏறினால்தான். யார்க்ஷயர் காவல்துறையில் பணியாற்றிய ஹாவர்ட் வெப் 1989இல் உள்ளூர் ஆட்டங்களில் தொடங்கினார். தேசியப் பட்டியலை எட்டியது 2000இல். பிரீமியர் லீகில் நடுவரானது 2003இல். 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை நடத்தியவர் அவர்தான். பொது மருத்துவத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே 2010இல் நடுவர் பணியைத் தொடங்கிய ரெபெக்கா வெல்ச், 2023 டிசம்பர் 23 அன்று ஃபுல்லம், பர்ன்லி அணிகளின் ஆட்டத்தை நடத்தி, பிரீமியர் லீகின் முதல் பெண் நடுவரானார். முன்னவருக்குப் பிடித்தது 14 ஆண்டுகள், பின்னவருக்கு 13.