பெயரைப் பதியட்டும், தீர்ப்பு வேண்டாம்

எல்லயில் இப்போது சாதாரண வீட்டிலும் மாடியில் இரண்டு அறை கட்டி வெளிநாட்டாருக்கு விடுகிறார்கள். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வந்தவர் பையை இறக்கி வைத்ததும் கடவுச்சீட்டை நீட்டுகிறார். வீட்டுக்காரர் கொப்பியைத் திறந்து பெயர், நாடு, கடவுச்சீட்டு இலக்கம், வீசா முடியும் திகதி என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்கிறார். படம் ஒட்டிய பக்கத்தைத் தொலைபேசியிலும் பிடித்து வைத்துக்கொள்கிறார். சில நிமிடங்களில் முடிந்துவிடுகிற வேலை. பிறகு தேநீர் வருகிறது.

அந்தக் கொப்பி யாருக்குப் போக வேண்டும், அதில் எழுதுகிறவருக்கு என்ன பொறுப்பு என்ற கேள்வி கடந்த சில ஆண்டுகளாகச் சூடுபிடித்திருக்கிறது. 2024 பெப்ரவரியில், போரைக் காரணம் காட்டி நீண்டகாலம் வீசா நீடிப்புப் பெற்றுவந்த ரஷ்யரும் உக்ரேனியரும் இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும் என்று குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அறிவித்தது. உனவட்டுனையில் வெள்ளையருக்கு மட்டும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு விருந்து ஊரைக் கொதிக்க வைத்ததும் அதே நாட்களில்தான். அந்த ஆண்டு ஒக்டோபரில், கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில், இணைய மோசடி நடத்திய குற்றச்சாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட சீனர் கைதானார்கள். இப்படி ஒவ்வொன்று நடக்கும்போதும் ஒரே குரல்தான் எழுகிறது: இடம் கொடுத்தவர்கள் ஏன் அறிவிக்கவில்லை? அறிவிக்காதவரைத் தண்டிக்க வேண்டாமா?

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம், தன்னை மீறி நாட்டில் இருப்பவர் என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தும் ஒருவருக்கு இடம் கொடுப்பதைக் குற்றமாக்குகிறது. அதைவிடப் பழையது 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கும் அதிகாரத்தை அது பொலிசுக்குக் கொடுக்கிறது.

வாடகைக்கு அறை விடுகிறவர் வந்தவரின் பெயரைப் பதிந்து வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மலையேறிக் காணாமல் போனவரைத் தேடவும், குற்றம் செய்துவிட்டு ஓடியவரைப் பிடிக்கவும் அந்தக் கொப்பி உதவும். நான் அஞ்சுவது அடுத்த படிக்கு. இவர் இங்கே இருக்கத் தகுந்தவரா இல்லையா என்று முடிவு செய்யும் வேலையை வீட்டுக்காரர் தலையில் ஏற்றுகிற படி அது. அந்தப் படி ஏறினால் என்ன ஆகும் என்று எல்லயைச் சூழ்ந்த ஊவா மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளி மக்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் வேறு யாருமில்லை.

பதுளை, பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை என்று நீளும் இந்தத் தோட்டங்களில் வேலை கொடுத்தவரே வீட்டுக்காரராகவும் இருந்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பக்கத்துக் காம்பராவோடு பொதுச் சுவர்: லயம் என்பது இதுதான். அதில் யார் குடியிருக்கிறார், எத்தனை பேர், யார் வந்தார், யார் போனார் என்பதெல்லாம் தோட்டத்து அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தொழிலாளர் பதிவேட்டைத் தோட்ட நிர்வாகியான துரையின் சட்டக் கடமையாக்கியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கையில் துண்டு எனப்படும் விடுவிப்புச் சீட்டு இருக்க வேண்டும், கடன் தீராமல் துண்டு கிடைக்காது. அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. லயத்துக்கு வந்த விருந்தாளி தோட்டத்துக்குப் பிடிக்காதவராக இருந்தால், குறிப்பாகத் தொழிற்சங்கக்காரராக இருந்தால், அத்துமீறல் வழக்குப் பாய்ந்தது. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பெயர் வெட்டுப்பட்டவன் தன் சொந்தக் காம்பராவிலேயே அத்துமீறியவன் ஆனான்.

இத்தனையும் அவர்கள் வெளிநாட்டவர் என்று சட்டம் சொல்வதற்கு முந்திய கதை. 1947 பொதுத் தேர்தலில் பதுளையிலிருந்து இலங்கை இந்திய காங்கிரசின் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் போனார். தோட்டத்து மக்கள் வரிசையில் நின்று போட்ட வாக்கு அது. அடுத்த ஆண்டே வந்த 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்த வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 நவம்பர் முதலாம் திகதி குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்று எல்ல வீட்டுக்காரருக்குப் பொறுப்புச் சொல்வது அதே சட்டம்தான். பிறந்த லயத்திலேயே படுத்துறங்கியவர்களை ஒரு சட்டம் வெளியாளாக்கியது, மற்றச் சட்டம் அந்த வெளியாளிடம் இருப்பதற்கு அனுமதி எங்கே என்று கேட்டது.

பிரசாவுரிமை கேட்டு விண்ணப்பிக்க 1949இல் ஒரு வழி திறந்தார்கள். இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் அது. மணமானவரானால் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் ஏழு ஆண்டு, மணமாகாதவரானால் பத்து ஆண்டு, தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும். எழுதப் படிக்க வாய்ப்பில்லாத கொழுந்து பறிக்கும் பெண் எதைக் கொண்டு காட்டுவாள்? வாடகைச் சீட்டு இல்லை, காணி உறுதி இல்லை. கடிதம்கூடத் தோட்டத்து விலாசத்துக்குத்தான் வந்தது. இருந்ததெல்லாம் செக்ரோலில் அவள் பெயருக்கு நேரே போட்ட கோடுகளும் துரை எழுதிக் கொடுக்கும் சான்றுக் கடிதமும்தான். கணக்கப்பிள்ளை பெயரைப் பிழையாக எழுதியிருந்தால், தோட்டம் மாறிய இடைவெளியில் சில மாதம் பதிவு விட்டிருந்தால், அக்கா வீட்டுச் சாவுக்கு இந்தியா போய் ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தால், தொடர்ச்சி அறுந்தது. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின, அவற்றில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் இருந்தார்கள். அறுபதுகளின் தொடக்கம்வரை பிரசைகளாக ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்தான்.

வீட்டுக்காரரின் ஏடு இங்கே வெறும் ஏடாக இருக்கவில்லை. அது தீர்ப்பாக மாறியது. துரைக்கு அந்தப் பெண்ணின் மேல் பகை இருந்திருக்க வேண்டியதில்லை. அவருக்குத் தேயிலைக் கணக்கு முக்கியம், அவ்வளவுதான். ஆனால் அவருடைய கவனக்குறைவு ஒரு குடும்பத்தின் நாட்டையே பறிக்கப் போதுமானதாக இருந்தது.

மீந்தவர்களைப் பங்கு போட்டது 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்ப்பதற்கு. அந்த எஞ்சியவர்களை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தியக் கடவுச்சீட்டு கையில் வந்து வதிவிட வீசாவும் முடிந்ததும் அந்தத் தொழிலாளி தன் லயத்திலேயே வெளிநாட்டவர் ஆனார். செக்ரோலில் பெயர் நீக்கப்பட்டது, காம்பராவை விட வேண்டி வந்தது. பதுளையிலும் பண்டாரவளையிலும் கோச்சி ஏறி, தலைமன்னார் துறையில் கப்பல் பிடித்து இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை வழியனுப்ப வந்தவர்கள் அழுத அழுகையை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று விழுந்த சீட்டும் உண்டு.

ஒப்பந்தத்தின்படி போனவர்கள் இந்தியப் பிரசைகளாகப் போனார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு உயிருக்கு அஞ்சிப் படகேறிய மலையகத்தார் அகதிகளாகப் போனார்கள். தாத்தா பிறந்த மாவட்டத்துக்கே போய்ச் சேர்ந்தாலும் அங்கே அவர்கள் வெளிநாட்டவர். இந்தியாவில் வெளிநாட்டாருக்கு இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. முகாமுக்கு வெளியே ஒரு சின்ன வீடு தேடுகிற அகதிக் குடும்பத்துக்கு அந்த விதியே கதவடைப்பாகிறது, காவல் நிலையம் ஏறி இறங்க எந்த வீட்டுக்காரருக்கும் மனம் வராது. இந்திய வம்சாவளியினரான இந்த அகதிகளைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற ஒரே கூடையில் போடக்கூடாது, அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பத்தை ஏற்றுப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் சொன்னார். 2025 செப்டெம்பரில் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு அதன் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குக் கிடைத்தது. விலக்குக் கிடைத்தது நல்லது. குடியுரிமை அதோடு வந்துவிடவில்லை.

இலங்கைக்குள்ளேயே திரும்பிப் பார்ப்போம். போர்க் காலத்தில் ஊவாத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்குக் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போன இளைஞர்களால் பொலிஸ் பதிவு இல்லாமல் ஓர் இரவுகூடத் தங்க முடியவில்லை. பதிவுக்கு வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டியிருந்தது. அடையாள அட்டை கிடைக்காதவர்கள் அவர்களில் ஏராளம். 2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றித் தலைநகரை விட்டு அனுப்பினார்கள். பதிவு இருந்ததால், யார் எந்த லொட்ஜில் என்று தேடி அலைய வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். போர் முடிந்து பதினான்கு ஆண்டுக்குப் பிறகும், 2023 இறுதியில், கொழும்பில் தமிழர் செறிந்த பகுதிகளில் குடியிருப்போர் விபரம் கேட்டுப் பொலிஸ் படிவங்கள் வந்தன. அப்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்த மனோ கணேசன் அதைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார்.

நம் அனுபவம் போதாது என்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். 2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், வாடகைக்கு வருபவரின் வதிவிட உரிமையைச் சோதிக்கும் கடமையை வீட்டுக்காரர் மேல் சுமத்தியது. 2016 முதல் இங்கிலாந்து முழுவதும் நடைமுறை. தவறினால் தண்டம், 2024இலிருந்து முதல் தவறுக்கே ஒரு குடியிருப்பாளருக்கு 10,000 பவுண் வரை. பயந்துபோன வீட்டுக்காரர் என்ன செய்தார்? பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாதவரைத் தட்டிக் கழித்தார். இது பாரபட்சத்துக்கு இட்டுச் செல்கிறது என்று 2019இல் உயர் நீதிமன்றம் கண்டது. அடுத்த ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தைக் காப்பாற்றியது, ஆனால் பாரபட்சம் நடக்கிறது என்பதை அதுவும் மறுக்கவில்லை. லண்டனில் வீடு தேடிய நம்மவர்களுக்குத் தீர்ப்பைப் படிக்காமலே இது தெரியும். ஜெர்மனியில் வேறு முறை. அங்கே குடிபுகுந்தவர், பிரசையானாலும் வெளிநாட்டாரானாலும், இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் ‘இவர் என் வீட்டில் குடியேறினார்’ என்று ஒரு தாளில் ஒப்பமிடுவதோடு சரி. எல்லோருக்கும் ஒரே தாள் என்பதால் யாருடைய முகத்தையும் பெயரையும் பார்த்து அவர் எடைபோட வேண்டியதில்லை. இங்கே புதிதாகச் சட்டம் எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும்.

பதிவேடு எதற்காக வைக்கிறோம் என்பதும் முக்கியம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணுக்குள் எத்தனை பேர் என்று அன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், நாளாக ஆகக் குறைத்தார்கள். அந்த இடம் அபாயமானது என்ற எச்சரிக்கை பல ஆண்டு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. சந்ததி சந்ததியாக இந்த மக்களின் பெயரை வெட்டுவதற்கும் பிரிப்பதற்கும் அனுப்புவதற்கும் ஏடு இருந்தது. காப்பாற்ற வேண்டிய காலையில் மட்டும் ஏடு உதவவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவில் அகப்பட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததும் இதுதான்.

ஆகவே எல்லயில் அறை விடுகிறவர் பெயரைப் பதியட்டும், கேட்டால் கொடுக்கட்டும். வீசா செல்லுமா செல்லாதா என்று பார்ப்பது திணைக்களத்தின் வேலை, அதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தவறான கணிப்புக்கு வீட்டுக்காரரைத் தண்டித்தால், அவர் தண்டத்துக்குப் பயந்து முதலில் திருப்பி அனுப்பப் போவது பணக்காரச் சுற்றுலாப் பயணியை அல்ல. அடையாள அட்டையில் தோட்டத்து விலாசத்தோடு, சிங்களம் தடுமாறி, வேலை தேடி வந்து நிற்கும் பையனைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு மலையகத்தாரின் நாடற்ற நிலை சட்டப்படி முடிந்தது. வீட்டு உரிமை அதோடு வரவில்லை. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில், இந்திய உதவி வீட்டுத் திட்டத்தின் கீழ் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு உரிமைப் பத்திரம் கொடுக்கும் விழா ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் தலைமையில் நடந்தது. வரவேற்க வேண்டிய தொடக்கம். ஆனால் லயத்தில் இருக்கும் மிகப் பெரும்பாலான குடும்பங்கள் இன்றும் கம்பனி நிலத்தில், ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல்தான் வாழ்கின்றன. பாலத்துக்கும் மலைமுகட்டுக்கும் வெள்ளைக்காரருக்கு வழிகாட்டும் தோட்டத்துப் பையன் தன் வீட்டில் ஓர் அறையை முறைப்படி வாடகைக்கு விட முடியாது. விடுதியாகப் பதிவு செய்யப் போனால் வீட்டுக்கான ஆவணம் கேட்பார்கள். வெளிநாட்டாரைப் பதியும் கடமையைப் பற்றிப் பேசுகிற பாராளுமன்றம், நான்கைந்து தலைமுறையாகக் குடியிருப்பவரின் பெயரைக் காணி உறுதியில் பதியும் கடமையை அதே அமர்வில் எடுத்துக்கொள்ளட்டும்.