தபாலட்டையிற் கண்ட குருமனை

முகவரியையும் செய்தியையும் தபாலட்டையின் ஒரே பக்கத்தில் எழுதும் வழக்கம் பிரித்தானியாவில் 1902இல் அனுமதிக்கப்பட்டது. அதனால் மறுபக்கம் முழுவதும் படத்துக்கு உரியதாயிற்று. அவ்வாறு வந்த படங்களுள் ஒன்று, யோக்சயர்ப் பகுதியிலுள்ள ஹாவர்த் ஊரின் குருமனையாகும்.

1820இற் பற்றிக் புறொண்டி என்னும் குருவானவர் குடும்பத்தோடு அங்கே குடியேறினார். நாவலாசிரியைகளான சார்லட், எமிலி, ஆன் ஆகியோர் அவருடைய புதல்வியர். 1855க்குள் மூவரும் மறைந்தனர். தந்தையார் 1861இற் காலமானார்.

அட்டையின் வலப்புறத்தே எழும் முக்கோண முகட்டுப் பகுதியை, அடுத்து வந்த குருவானவர் 1870களிற் கட்டுவித்தார். சகோதரியர் அதனைக் கண்டதேயில்லை. அப்பகுதியைக் கையால் மறைத்து நோக்கினால், நடுவே வாயில், இருமருங்கும் இரண்டிரண்டு சாளரங்கள், மேலே ஐந்து சாளரங்கள் எஞ்சும். அவர்கள் வாழ்ந்த இல்லத்தின் முகப்பு அதுவே. 1928 முதல் அது நூதனசாலையாக விளங்குகின்றது.