இசை இறுவட்டுக் கருவியிற் காட்சி

1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இசை இறுவட்டுக் கருவியை, வீடியோவும் காட்டுமாறு திருத்தல் கூடுமோவெனின், கூடும். ஆயின் அதற்கு எல்லையுண்டு.

1993இல் வகுக்கப்பெற்ற வீடியோ இறுவட்டு, பருமனிலும் குழிகளின் அமைப்பிலும் இசை இறுவட்டை ஒத்தது. இரண்டையும் ஒரே லேசர் படிக்கும். வேறுபாடு, படித்ததற்குப் பொருள்கொள்ளும் முறையிலேயே உளது. இசைக்கருவி செக்கனுக்கு 14,11,200 பிட்டுகளை ஒலியாகக் கொள்ளும். 352 × 288 புள்ளிகள் கொண்ட 25 படங்களுக்கோ செக்கனுக்கு ஏறத்தாழ 3 கோடி பிட்டுகள் வேண்டும். எம்பெக்-1 முறை அவற்றை 11.5 இலட்சமாகச் சுருக்குகின்றது. சுருங்கியதை விரித்துப் படமாக்கும் மின்சுற்றுப் பலகையை, வட்டைப் படிக்கும் பகுதியின் வெளியீட்டில் இணைத்தலே திருத்தமாம்.

உயர்தரக் கருவியில் இடர் ஈண்டே தோன்றும். பலகையின் மின்னிரைச்சல் இசையிற் கலத்தலாகாது. ஆதலின் அதற்குத் தனி மின்வழங்கியும் உலோகக் காப்பும் வேண்டும். இசை ஒலிக்குங்கால் அதனை நிறுத்திவிடுதலும் நன்று.

1996இல் வெளிவந்த டீவீடியை இவ்வாறு காட்டவியலாது. இசை இறுவட்டிற் சுவடுகளின் இடைவெளி 1.6 மைக்கிரோமீற்றர்; டீவீடியில் 0.74. முன்னதற்குரிய 780 நனோமீற்றர் லேசர் பின்னதன் நுண்குழிகளைப் பிரித்தறியாது. 650 நனோமீற்றர் லேசரே வேண்டும். படிக்கவியலாத வட்டுக்குப் பலகையாற் பயனில்லை என்க.