அமிழும் மலையும் பவளத்தின் பணியும்

புதுவைக் கதிர்காமத்தில் வாழும் நமக்குக் கடல் அண்மையில் உள்ளது. எரிமலையோ தொலைவான சொல். ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் மக்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிச் சென்ற ரெயூனியன், எரிமலையால் உண்டான தீவாகும். அத்தீவுக்கும் நம் நாட்டுக்கும் அதனினும் பழைமையான உறவொன்று உண்டு.

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் எரிமலைப் பாறைகளை உண்டாக்கியதும், இன்று ரெயூனியனில் கனல்வதும் பூமியின் ஆழத்திலுள்ள ஒரே வெப்ப ஊற்று என்பர் அறிஞர். அதன்மேல் இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்தபோது, இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றைத் தாங்கும் கடலடி மலைத்தொடர் எழுந்தது.

எரிமலை அணைந்தபின் கடற்றளம் குளிர்ந்து தாழ்கிறது. மலையும் உடன் அமிழ்கிறது. அதன் ஓரத்தைப் பற்றிய பவள உயிரிகளோ ஒளி எட்டும் நீரிலேதான் பாறை கட்ட வல்லவை. அவற்றின் உடலுள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு அவற்றுக்கு உணவளிக்கின்றன. ஆகவே மலை தாழத் தாழ, மடிந்தவற்றின் சுண்ணக் கூட்டின்மேல் புதிய தலைமுறை கட்டியெழுப்புகிறது. மலை மறைந்தபின் வளையமான பவளத்திட்டே எஞ்சுகிறது. 1842இல் டார்வின் இவ்வாறு விளக்கினார். 1952இல் பசிபிக் கடலின் எனிவெட்டோக் தீவில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் மிகுந்த சுண்ணப்பாறையின் அடியில் எரிமலைப் பாறை காணப்பட்டது.

ஒளி புகாத ஆழத்திலும் உயிர் இல்லாமலில்லை. உலகின் பல கடலடி மலைச்சரிவுகளில், நீரோட்டம் கொணரும் உணவுத் துகள்களை ஏற்று, பாசியின் துணையின்றி வாழும் பவளங்களும் கடற்பஞ்சுகளும் மிக மெதுவாக வளர்கின்றன.

இலட்சத்தீவில் மக்கள் வாழும் தீவுகள் 10. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு வாழ்வோர் 64,000க்கு மேற்பட்டோர். அவர்களின் நிலம் கடல்மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டரே உயர்ந்தது. அலையைத் தடுப்பது பவளப்பாறையே. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் மிகுதியாகச் சூடேறியபோது பவளங்கள் தம் பாசிகளை இழந்து வெளிறின, பல மடிந்தன. கட்டும் உயிர் மடிந்தால் பாறை தேயும், கரையும் அரிக்கப்படும்.

மலையை அசையாமைக்கு உவமையாகக் கூறிப் பிரசங்கிப்பவர்கள் நாம். இங்கோ மலை அமிழ்ந்துவிட்டது. மனிதருக்கு நிலம் தந்தது சிற்றுயிர்களின் இடையறாத உழைப்பு. அவ்வுழைப்பை அழிக்கும் வெப்பம் மனிதர் எரிக்கும் எரிபொருளால் மிகுகிறது. கரையில் நிற்கும் நாமும் அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களே.