பத்து சென்ட்டுக்கு பதினோரு உலகம்

1938 ஜூன் தேதியிட்டு அமெரிக்காவில் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் விலை பத்து சென்ட். அட்டையில் காரைத் தூக்கி நொறுக்கும் சூப்பர்மேனுக்கு உள்ளே கிடைத்தது வெறும் 13 பக்கம்!

மொத்தம் பதினோரு பகுதிகள்; மிச்சமெல்லாம் கதம்பம். கௌபாய் சக் டாசன், மந்திரவாதி சடாரா, துப்பறியும் நிருபர் ஸ்கூப் ஸ்கேன்லன், குத்துச்சண்டை வீரர் பெப் மார்கன், ஊர்சுற்றி மார்கோ போலோ எனப் பலர். நடுவே படமே பெரிதாக இல்லாத ஓர் உரைநடைக் கதை. சலுகை அஞ்சல் கட்டணம் பெற, அன்றைய காமிக்ஸ்களில் இப்படி இரண்டு பக்க எழுத்தைச் செருகுவது வழக்கம். பிள்ளைகள் அதைப் படித்தார்களா என்பது வேறு கதை.

சூப்பர்மேன் கதை ஒரு குற்றக் கதைதான். நள்ளிரவில், கட்டிப்போட்ட கொலைகாரியை ஆளுநர் வீட்டுப் புல்வெளியில் போட்டுவிட்டு, இரும்புக் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே நுழைகிறார். நிரபராதிப் பெண்ணொருத்தியின் மரண தண்டனை கடைசி நிமிடத்தில் நிற்கிறது.

இதே இதழில், சக் டாசன் கதையின் முதல் பக்கத்துக்கு வண்ணம் தீட்டிக் கிழித்து அனுப்பச் சொல்லி ஒரு போட்டியும் உண்டு. இன்று கோடிகளில் ஏலம் போகும் இதழ் அது!