தாய்க்கு வருத்தம் வந்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?



பல்லேகல பக்கத் தோட்டங்களில் லயத்துக்கோ பிள்ளைக்காம்பிராவுக்கோ போனால் தாய்மார் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "எனக்கு உடம்புக்கு முடியல்ல, மருந்து குடிக்கிறேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா?"

கேட்கிறவர்களுக்குப் பதில் கிடைத்துவிடும். கேட்காமலே முடிவெடுப்பவர்களைப் பற்றித்தான் நமக்குக் கவலை. சிலர் காய்ச்சல் வந்த அன்றே பிள்ளைக்குப் பால் மறக்கடித்து விடுகிறார்கள். வேறு சிலர், மருந்து பாலில் கலந்து பிள்ளைக்கு ஆகாமல் போய்விடும் என்று பயந்து, கொடுத்த மாத்திரையைக் குடிக்காமல் ஒளித்து வைத்துவிட்டுப் பால் கொடுக்கிறார்கள். முதலாவதில் பிள்ளைக்கு நட்டம், இரண்டாவதில் தாயின் உயிருக்கே ஆபத்து. பாலையும் நிறுத்த வேண்டாம், மருந்தையும் நிறுத்த வேண்டாம். முதலில் கேளுங்கள் என்பதே நாங்கள் சொல்ல வருவது.

பெரும்பாலான வருத்தங்களுக்கு நிறுத்தத் தேவையில்லை

பிள்ளைக்கு முதல் 6 மாதமும் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன் பிறகு சாப்பாட்டோடு சேர்த்து 2 வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம். தடிமன், காய்ச்சல், வயிற்றோட்டம், பிரஷர், சீனி வருத்தம், இரத்தசோகை போன்றவற்றுக்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. இவற்றுக்குப் பால் கொடுக்கும் தாய் குடிக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. "பால் கொடுத்தால் இரத்தம் வற்றிப்போகும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இரத்தசோகைக்கு வேண்டியது இரும்புச்சத்து மாத்திரையும் நல்ல சாப்பாடும்தான்.

மார்பில் பால் கட்டி, சிவந்து, காய்ச்சல் அடித்தாலும் பால் கொடுக்கலாம். திடீரென்று நிறுத்தினால் கட்டு இன்னும் மோசமாகும். காசநோயும் பால் வழியாகத் தொற்றுவதில்லை, இருமலில்தான் பரவுகிறது. தாய் வாயை மூடிக்கொண்டு பால் கொடுக்கலாம். பிள்ளைக்குத் தடுப்பு மருந்தை வைத்தியர் கொடுப்பார்.

ஆகவே எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் நோயைச் சொல்வதற்கு முன்னமே "பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். தமிழ் தெரியாத இடமென்றால் "பபாட்ட கிரி தெனவா" என்று சொன்னால் போதும். பிள்ளையின் வயதையும் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள்.

நிறுத்தத்தான் வேண்டும் என்றால்

சில சந்தர்ப்பங்கள் உண்மையாகவே வேறு. புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்துகள் பலவும் பிள்ளைக்கு ஆகாதவை. தைரொயிட் நோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயடீன் சிகிச்சையும் அப்படித்தான். பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் அணு மருத்துவப் பிரிவில் இந்தச் சிகிச்சை உண்டு. இதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே பாலை நிறுத்திவிட வேண்டும். அந்தப் பிள்ளைக்கு மறுபடி கொடுக்கக் கூடாது. அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

எச்.ஐ.வி. தாய்ப்பால் வழியாகவும் தொற்றக்கூடியது. அந்தத் தாய் எப்படிப் பாலூட்டுவது என்பதை விசேட வைத்தியரே தீர்மானிப்பார். இதற்காகத்தான் கர்ப்ப காலத்தில் எல்லாத் தாய்மாருக்கும் இரத்தம் சோதிக்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. ஆகவே கிளினிக்கில் இரத்தம் கேட்டால் மறுக்க வேண்டாம்.

வைத்தியர் "நிறுத்துங்கள்" என்று சொன்னால், "கொஞ்ச நாளைக்கா, ஒரேயடியாகவா?" என்று கேளுங்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றால், பிள்ளை குடிக்கும் நேரங்களில் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடுங்கள். அப்போதுதான் பால் வற்றாமல் இருக்கும்.

மெதுவாக நிறுத்தும் முறை

அவகாசம் இருந்தால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மூன்று நாலு நாளைக்கு ஒரு தடவைப் பாலைக் குறையுங்கள். பகல் பாலை முதலிலும், இரவுப் பாலைக் கடைசியிலும் விடுவது பிள்ளைக்கு இலகு. மார்பு கனத்தால் வலி குறையும் அளவு மட்டும் பீய்ச்சி விடுங்கள். குளிர்ந்த துணி வைக்கலாம். துணியால் இறுக்கிக் கட்ட வேண்டாம். கொச்சிக்காய் பூசவே கூடாது, தாய்க்கும் பிள்ளைக்கும் எரியும்.

மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நமது ஆட்களிடம் உள்ள பழைய வழக்கம். வேலூரில் வைத்தியர்கள் இதை ஆராய்ந்து, பால் வற்றுவதற்கு மாத்திரையைப் போலவே பூவும் உதவியது என்று 1988இல் எழுதினார்கள். ஆனால் அந்த மாத்திரையை, புரோமோகிரிப்டினை, நீங்களாகப் பாமசியில் வாங்கிக் குடிக்காதீர்கள். பக்கவாதம், மாரடைப்பு போன்ற ஆபத்துகள் காரணமாக அமெரிக்காவில் 1994இல் பால் வற்றச் செய்வதற்கு அதைக் கொடுப்பதைக் கைவிட்டார்கள். பிரஷர் உள்ள தாய்மார் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

பிள்ளைக்கு என்ன கொடுப்பது?

6 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு வைத்தியர் சொல்லும் குழந்தைப் பால்மா மட்டும்தான். வீட்டில் தேத்தண்ணிக்குப் போடும் பால்மா, டின்பால், கஞ்சித்தண்ணி, பிளேன்டீ எதுவும் ஆகாது. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்த தண்ணீரை அரை மணித்தியாலத்துக்குள் எடுத்துக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுக் கொடுங்கள். டின்னில் எழுதிய அளவே போடுங்கள். ஒரு கிழமைக்கு உள்ளதைப் பத்து நாளைக்கு இழுத்தால் பிள்ளை மெலிந்துவிடும். போத்தலைவிடச் சின்னக் கோப்பை நல்லது, கழுவுவது சுலபம். மிச்சத்தை வைத்துக் கொடுக்காதீர்கள்.

6 மாதம் தாண்டியிருந்தால், எந்தப் பால் என்பதை மருத்துவமாதுவிடம் கேட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு 4, 5 தடவை சாப்பாடு கொடுங்கள். மசித்த சோறு, பருப்பு, முட்டை, நெத்தலி, பூசணி, கீரை எல்லாம் கொடுக்கலாம். மாதாமாதம் நிறை பார்க்கத் தவற வேண்டாம்.

வீட்டார் கவனத்துக்கு

பால் மறக்கடித்த தாயைப் "பிள்ளைக்குப் பால் கூடக் கொடுக்கல்ல" என்று பேசாதீர்கள். அவள் தன் உயிரைக் காத்துக்கொள்வதும் அந்தப் பிள்ளைக்காகத்தான். பாலை நிறுத்திய சில நாட்களுக்கு இரவில் பிள்ளையை அப்பாவோ பாட்டியோ தூக்கி உறங்க வைத்தால் இருவருக்கும் நிம்மதி. தாயும் பிள்ளையை மடியில் வைத்து அணைத்துக்கொள்ளட்டும். அதற்கு எந்த மருந்தும் தடையில்லை. ஆனால் கதிரியக்க அயடீன் எடுத்தவர் எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்பதை மட்டும் வைத்தியரிடம் கேட்க வேண்டும். இன்னொன்று: பாலை நிறுத்தினால் சீக்கிரமே மறுபடி கர்ப்பம் தரிக்கலாம். சிகிச்சை நடக்கும்போது அது ஆபத்து. குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி அப்போதே கேளுங்கள்.

பால் கொடுக்கக்கூடிய தாய்மாருக்கு ஒரு நினைவூட்டல். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்கப் போகலாம். பிள்ளைக்காம்பிரா உள்ள இடத்தில் ஒவ்வொரு தடவைக்கும் அரை மணித்தியாலம், இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலம். இது சலுகையல்ல, உரிமை.

சந்தேகம் எதுவானாலும் தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடமோ, மருத்துவமாதுவிடமோ, எங்களிடமோ வந்து கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மலைக்குப் போகும் வழியில் நின்று கேட்டாலும் பதில் சொல்வோம்.